அலுவலக மேசையில் பிறந்த விருந்து

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங். ஆனால் அலுவலகங்களுக்கு அது இரண்டு மூன்று நாள் முன்பே வந்துவிடும். கான்பரன்ஸ் அறையின் நீள மேசையில் காகித விரிப்பு விழும். யார் எதைக் கொண்டுவருவது என்று கேட்கும் எக்செல் பட்டியல் ஒன்று அதற்கும் முன்பே எல்லாருடைய மின்னஞ்சலிலும் சுற்றி வந்திருக்கும். சமைக்கத் தெரிந்தவர்கள் மேல் வரிசைகளைப் பிடித்துக்கொள்வார்கள். தெரியாதவர்கள் காகிதத் தட்டு, கோக் பாட்டில், ஐஸ் என்று எழுதிவைத்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்வார்கள். சுவரோரம் வரிசையாக ஸ்லோ குக்கர்கள். எல்லாவற்றையும் ஒரே ப்ளக்கில் செருகினால் கரண்ட் போய்விடும் என்று யாராவது ஒருவர் எச்சரித்துக்கொண்டே இருப்பார். பாட்லக் என்று அவர்கள் சொல்வது நம்மூர்க் கூட்டாஞ்சோறுதான். சேர்ந்து சமைப்பதற்குப் பதிலாக, சமைத்த பிறகு சேர்கிறார்கள்.

இந்த அலுவலக விருந்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அசல் விருந்து வியாழக்கிழமை வீட்டில், பாட்டி தாத்தா பேரன் பேத்தியோடு நடப்பது. அலுவலகத்தில் நடப்பது அதற்கு ஓர் ஒத்திகை என்பதுதான் பொதுவான எண்ணம். ஆனால் அந்த விருந்து எப்படிப் பிறந்தது என்று துருவிப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. அதன் தேதி, அதன் ஊர்வலம், தட்டில் விழும் பீன்ஸ், ஓரத்தில் நடுங்கும் கிரான்பெர்ரி சாஸ் என்று ஏறக்குறைய எல்லாமே வேலைநேரத்தில், வேலையிடத்தில், சம்பளத்துக்கு உழைத்தவர்கள் உருவாக்கியவை. அலுவலகத்திலிருந்துதான் அவை வீட்டுக்குப் போயின.

ஒரு கடிதமும் ஓர் அடிக்குறிப்பும்

பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் கதை 1621இல் தொடங்குகிறது. மேஃப்ளவர் கப்பலில் மாசசூசெட்ஸ் கரைக்கு வந்த 102 பேரில் பாதிப்பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. மிஞ்சியவர்கள் பிளிமத்தில் பயிர்செய்து, அறுவடை முடிந்ததும் விருந்து வைத்தார்கள். அந்த மண்ணுக்குரிய வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசோயிட், சுமார் 90 ஆட்களோடு வந்தார். அவர்கள் 5 மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்று நாள் தின்று களித்தார்கள்.

விருந்தைப் பற்றி எட்வர்ட் வின்ஸ்லோ அந்த டிசம்பரில் எழுதிய கடிதத்தில் இருப்பது ஒரே ஒரு பத்தி. மான் உண்டு, பறவைகள் உண்டு. வான்கோழி என்று பெயர் சொல்லி எதுவும் இல்லை. உருளைக்கிழங்கு அந்தப் பக்கம் இன்னும் வந்திருக்கவில்லை. பூசணி பை சுட வெண்ணெயோ கோதுமை மாவோ கிடையாது. விருந்து நடந்த ஊரார்கூட அதை ஒரு விழாவின் தொடக்கமாக நினைக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை நன்றி செலுத்தும் நாள் என்றால் சர்ச்சில் பிரார்த்தனை செய்யும் நாள். 220 ஆண்டு கழித்து, 1841இல், அலெக்சாண்டர் யங் என்ற பாதிரியார் பழைய ஆவணங்களைத் தொகுத்துப் பதிப்பித்தபோது, அந்தப் பத்திக்குக் கீழே இதுவே முதல் தேங்க்ஸ்கிவிங் என்று ஓர் அடிக்குறிப்பு போட்டார். அடிக்குறிப்பு வளர்ந்து பாடப்புத்தகமாகிவிட்டது.

அடிக்குறிப்பால் மட்டும் ஒரு நாடு விடுமுறை விட்டுவிடாது. அதற்கு ஒருவர் விடாமல் வேலைபார்க்க வேண்டியிருந்தது.

பத்திரிகை ஆபீஸிலிருந்து வந்த தேதி

சாரா ஜோசபா ஹேல் 1788இல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். 1822இல் கணவர் இறந்தபோது கையில் ஐந்து பிள்ளைகள். பிழைப்புக்காகப் பேனாவை எடுத்தார். 1827இல் வந்த அவருடைய முதல் நாவல் ‘நார்த்வுட்’. அதில் நியூ இங்கிலாந்து வீடொன்றின் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, மேசையின் தலைப்பில் வறுத்த வான்கோழியை வைத்தார். நாவலைப் படித்த ஒருவர் மாதர் பத்திரிகை ஒன்றுக்கு ஆசிரியராகக் கூப்பிட்டார். பிற்பாடு, 1837 முதல் 1877 வரை 40 ஆண்டுகள், ‘கோடிஸ் லேடிஸ் புக்’ இதழின் ஆசிரியர். உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற மாத இதழ்களில் அது ஒன்று. ஆட்டுக்குட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் மேரியின் பாட்டை, இன்று நம்மூர் எல்.கே.ஜி. குழந்தைகளும் பாடும் அந்தப் பாட்டை, எழுதியவரும் இவர்தான்.

அன்று தேங்க்ஸ்கிவிங் நியூ இங்கிலாந்துப் பக்கத்து வழக்கம். ஒவ்வொரு மாநில ஆளுநரும் தமக்குத் தோன்றிய நாளை அறிவிப்பார். 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் நவம்பர் 26ஐ நாடு முழுவதற்கும் அறிவித்ததுண்டு. ஆனால் அது ஆண்டுதோறும் தொடரவில்லை. எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று ஹேல் 1840களில் தலையங்கம் எழுதத் தொடங்கினார். ஆளுநர்களுக்குக் கடிதம், அதிபர்களுக்குக் கடிதம். நவம்பர் இதழில் வான்கோழிக்கும் பூசணி பைக்கும் செய்முறை. செய்முறையைப் படித்துப் பழகிய வீடுகள் விழாவுக்கும் பழகின. அதிபர் ஒருவர் கேட்காவிட்டால் அடுத்தவருக்கு எழுதினார்.

1863 செப்டம்பர் 28 அன்று அதிபர் லிங்கனுக்கு எழுதினார். உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாடு இரண்டாகக் கிழிந்து கிடந்தது. ஒரே நாளில் எல்லாரும் சாப்பிட உட்காரும் யோசனை லிங்கனுக்கு அப்போது தேவைப்பட்டது. அக்டோபர் 3 அன்று அறிவிப்பு வந்தது: நவம்பரின் கடைசி வியாழக்கிழமை. ஹேலுக்கு அப்போது வயது 74. சொந்தமாக அரசியல் பதவி கிடையாது, ஓட்டுரிமையும் கிடையாது. இருந்ததெல்லாம் ஆசிரியர் நாற்காலியும் தபால் பெட்டியும்தான்.

கடை ஊழியர்களின் ஊர்வலம்

அடுத்த பங்கு கடைக்காரர்களுடையது. 1920இல் பிலடெல்பியாவின் கிம்பெல்ஸ் கடை, தன் ஊழியர்களுக்கு வேடம் கட்டி, கார்களில் ஏற்றி ஊர்வலம் விட்டது. 1924 நவம்பர் 27 அன்று நியூயார்க்கின் மேசீஸ் கடை அதைவிடப் பெரிதாகச் செய்தது. விற்பனையாளர்களும் குமாஸ்தாக்களும் கோமாளியாக, வீரனாக, கௌபாயாக வேடமிட்டு, ஹார்லெமின் 145ஆவது தெருவிலிருந்து 34ஆவது தெருவில் இருந்த கடை வாசல் வரை நடந்தார்கள். ஏறக்குறைய 6 மைல். கூடவே சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலையிலிருந்து இரவல் வாங்கிய விலங்குகள். பொம்மலாட்டக் கலைஞர் டோனி சார்க் வடிவமைத்த ராட்சத பலூன்கள் 1927இல்தான் வந்தன.

இன்று கோடிக்கணக்கானவர்கள் வியாழக்கிழமை காலை வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்க்கும் அந்த ஊர்வலம், தொடக்கத்தில் ஒரு கடையின் ஊழியர்கள் தங்கள் முதலாளியின் வாசலுக்கு நடந்துபோன ஊர்வலம். அதற்கு முதலில் வைத்த பெயர்கூட கிறிஸ்துமஸ் ஊர்வலம்தான். தேங்க்ஸ்கிவிங் முடிந்தால் கிறிஸ்துமஸ் வியாபாரம் தொடங்கும் என்பதுதான் கடைகளின் கணக்கு.

அந்தக் கணக்குதான் 1939இல் தேதியையே அசைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் 5 வியாழக்கிழமைகள். கடைசி வியாழன் 30ஆம் தேதி. விழாவுக்கு முன் கிறிஸ்துமஸ் விளம்பரம் செய்வது அநாகரிகம் என்று கருதிய காலம் அது. விற்பனை நாட்கள் குறைகின்றன என்று கடைக்காரர்கள், குறிப்பாக ஓஹையோவின் ஃபிரெட் லாசரஸ், அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் முறையிட்டார்கள். அவர் விழாவை ஒரு வாரம் முன்னுக்கு, 23ஆம் தேதிக்கு, நகர்த்தினார். ஏறக்குறைய பாதி மாநிலங்கள் கேட்டன, பாதி மறுத்தன. டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் இரண்டு நாளும் கொண்டாடின. காலண்டர் அச்சடித்தவர்கள் தலையில் கைவைத்தார்கள். கால்பந்துப் போட்டி அட்டவணைகள் குழம்பின. கேலிக்காரர்கள் அதிபரின் பெயரான ஃபிராங்க்ளினைச் சேர்த்து ‘ஃபிராங்க்ஸ்கிவிங்’ என்றார்கள். கடைசியில் 1941 டிசம்பர் 26 அன்று கையெழுத்தான சட்டம் நான்காவது வியாழக்கிழமை என்று முடிச்சுப் போட்டது.

வியாழக்கிழமை விடுமுறை என்றால் வெள்ளிக்கிழமை யார் வேலைக்கு வருவார்கள்? தொழிற்சாலை நிர்வாகத்துக்கென்று வந்த ஓர் அமெரிக்க இதழ் 1951லேயே இதற்குப் புலம்பியிருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை ஊழியர்களைத் தாக்கும் ‘நோய்’, கொள்ளை நோய்க்கு அடுத்தபடியானது என்று கிண்டலடித்து, பேசாமல் அன்றைக்கும் விடுமுறை கொடுத்துவிட்டு, பேரம் பேசும்போது அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளிகளுக்கு யோசனை சொன்னது. பிறகு பல நிறுவனங்கள் வெள்ளிக்கிழமையும் கதவைச் சாத்தின. புதன்கிழமை மதியமே கார்களும் விமான நிலையங்களும் நிரம்பிவழியும். ஆகவே அலுவலகத்தில் கூடிச் சாப்பிட வேண்டுமென்றால் அதற்கு முந்தைய நாட்கள்தான்.

மேசைமேல் இருப்பவை

இனி மேசைக்கு வருவோம். எந்த அலுவலக பாட்லக்கிலும் தவறாமல் இருப்பது கிரீன் பீன்ஸ் காசரோல். பாட்டி காலத்துப் பண்டம் என்று அமெரிக்கர்களே பலர் நினைத்துக்கொண்டிருக்கும் இதன் பிறப்பிடம், நியூ ஜெர்சி மாநிலம் கேம்டன் நகரில் கேம்பல் சூப் கம்பெனியின் சோதனைச் சமையலறை. பிறந்த ஆண்டு 1955.

டோர்கஸ் ரெய்லி ட்ரெக்சல் கல்லூரியில் ஹோம் சயன்ஸ் படித்துவிட்டு 1949இல் கேம்பலில் சேர்ந்தவர். கம்பெனி சூப்பை வைத்துப் புதுப்புதுச் செய்முறைகளை உண்டாக்கித் தருவது அவருடைய குழுவின் வேலை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு கட்டுரைக்காகக் கேட்டது: எந்த அமெரிக்க வீட்டு அலமாரியிலும் எப்போதும் இருக்கும் பொருட்களை மட்டும் கொண்டு ஒரு பக்க உணவு வேண்டும். பீன்ஸ் இருக்கும், 1934 முதல் விற்கும் காளான் க்ரீம் சூப் டின்னும் இருக்கும். குழு உட்கார்ந்து அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்தது. கடைசியில் நின்றது ஆறே பொருள்: பீன்ஸ், காளான் சூப், பால், சோயா சாஸ், மிளகுத் தூள், மேலே தூவ டின்னில் வரும் பொரித்த வெங்காயம். கலந்து ஓவனில் வைத்தால் முடிந்தது. பீன்ஸ் பச்சையோ, உறைந்ததோ, டின்னில் அடைத்ததோ, எதைப் போட்டாலும் கெட்டுப்போகாது. சமைக்கத் தெரியாதவர் கையிலும் தப்பிப் பிழைக்கும். பாத்திரத்தோடு காரில் தூக்கிவந்து மறுபடி சூடாக்கினாலும் ருசி மாறாது. பாட்லக்குக்கு இதைவிடத் தோதான பண்டம் வாய்க்காது.

சூப் டின்னின் மேல் செய்முறையை அச்சிட்டது கம்பெனி. பிறகு அதற்கு விளம்பரமே தேவைப்படவில்லை. அமெரிக்காவில் விற்கும் தன் காளான் க்ரீம் சூப்பில் சுமார் 40 சதவீதம் இந்தக் காசரோலுக்கே போகிறது என்பது கேம்பலின் மதிப்பீடு. பல ஆண்டு கழித்து இதைப் பற்றிக் கேட்டபோது, இதை உண்டாக்கியது ரெய்லிக்கு முதலில் நினைவுக்கே வரவில்லை. அவர் கையில் பிறந்த நூற்றுக்கணக்கான செய்முறைகளில் இதுவும் ஒன்று; ஏதோ ஒரு வேலைநாள். 2002இல் அந்தச் செய்முறை அட்டை ஓஹையோவின் ஆக்ரன் நகரில் அப்போது இருந்த தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்துக்குப் போனது. எடிசனுக்கு இடம் கொடுத்த மன்றம் அது. ரெய்லி 2018 அக்டோபரில், தமது 92ஆவது வயதில் காலமானார்.

பக்கத்துப் பாத்திரங்களுக்கும் இதே மாதிரி ஜாதகம்தான். டின் வடிவம் கலையாமல் வழுக்கி விழும் கிரான்பெர்ரி சாஸ், மார்கஸ் யூரன் என்ற வழக்கறிஞர் தந்தது. அவர் தொழிலை விட்டுக் கிரான்பெர்ரி பயிரிட வந்தவர். விற்க முடியாத அடிபட்ட பழங்களை என்ன செய்வது என்ற கவலையில், 1912இல் மாசசூசெட்ஸின் ஹேன்சன் ஊரில் அவற்றைக் காய்ச்சி டின்னில் அடைத்தார். 1930இல் அவரும் போட்டியாளர்களும் சேர்ந்து தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவுதான் இன்றைய ஓஷன் ஸ்ப்ரே. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோ உருகி நிற்கும் பண்டம், 1917இல் ஒரு மார்ஷ்மெல்லோ கம்பெனி, ஜேனட் மெக்கன்சி ஹில் என்ற சமையல் ஆசிரியையிடம் காசு கொடுத்து எழுதி வாங்கிய செய்முறைப் புத்தகத்திலிருந்து பரவியது. வான்கோழி வயிற்றுக்குள் அடைக்கும் ஸ்டஃபிங் என்ற ரொட்டிக் கலவையை அடுப்பின் மேலேயே ஐந்து நிமிடத்தில் செய்ய வழி கண்டது ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனியின் ரூத் சீம்ஸும் அவருடைய சகாக்களும். ரொட்டித்துண்டு ரொம்பச் சிறிதானால் கூழாகிவிடும். பெரிதானால் நீர் உள்ளே இறங்காது. அந்த அளவைத்தான் பிடித்தார்கள். ஸ்டவ் டாப் என்ற பெயரில் அது 1972இல் கடைக்கு வந்தது. 1975இல் கிடைத்த காப்புரிமையில் சீம்ஸோடு இன்னும் மூன்று பேர் பெயர் இருக்கிறது.

இதையெல்லாம் சூடு ஆறாமல் வைத்திருக்கும் ஸ்லோ குக்கருக்கும் ஒரு கதை உண்டு. சிகாகோவில் இருந்த இர்விங் நாக்சனின் தாய், லித்துவேனியாவில் தம் சிறுவயதில் பார்த்ததை மகனுக்குச் சொல்வார். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை அடுப்பு மூட்டக்கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலமே பீன்ஸும் இறைச்சியும் கிழங்கும் போட்ட பானையைத் தெருக்கோடி ரொட்டிக்கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அடுப்பை அணைத்த பிறகும் தங்கியிருக்கும் சூட்டில் இரவு முழுக்க அது மெல்ல வேகும். சோலன்ட் என்று பெயர். அந்த மெல்லிய சூட்டை மின்சாரத்தில் கொண்டுவந்து 1940இல் நாக்சன் காப்புரிமை பெற்றார். ‘நாக்சன் பீனரி’ என்ற அந்தச் சாதனம் வீடுகளில் அதிகம் எடுபடவில்லை. 1970இல் அவருடைய கம்பெனியைக் கான்சஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டு புது வடிவமும் ‘க்ராக் பாட்’ என்ற புதுப் பெயரும் கொடுத்து வேலைக்குப் போகும் பெண்களை நோக்கி விற்றது: காலையில் போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போங்கள், திரும்பி வந்தால் சாப்பாடு தயார். ஆபீஸுக்குப் போகிறவர்களுக்காக வீட்டில் இருக்க வேண்டிய பாத்திரம் கடைசியில் அவர்களோடு ஆபீஸுக்கே வந்து சேர்ந்தது.

வான்கோழிக்கு வரி உண்டா?

முதலாளிகளின் பங்கு முழு வான்கோழி. விழாவையொட்டி ஊழியர்களுக்கு ஆளுக்கொரு வான்கோழி கொடுப்பது பழைய பழக்கம். பழக்கம் பரவியதும் வருமான வரித் துறைக்கு ஒரு சங்கடம். வான்கோழி சம்பளமா, அன்பளிப்பா? 1959இல் துறை ஒரு தீர்ப்பு எழுதியது. நல்லெண்ணத்துக்காகக் கொடுக்கும் வான்கோழி, பன்றித் தொடை போன்ற சொற்ப மதிப்புள்ள பொருட்கள் சம்பளக் கணக்கில் சேரா. பணமாகவோ, பணம்போல் செலவழிக்கக்கூடிய கூப்பனாகவோ கொடுத்தால் வரி உண்டு. அரசாங்கத்தின் பார்வையில் பறவை அன்பு, பணம் ஊதியம்.

எல்லாருக்கும் இடமுள்ள மேசை

இந்த மேசைக்குப் புது ஆட்கள் வந்தபோது பட்டியலும் நீண்டது. 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் எச்-1பி விசாவை உண்டாக்கியது. அதில் வந்த இந்தியர்களில் தமிழர்களும் ஏராளம். அப்படி வந்த பலருக்கு முதல் தேங்க்ஸ்கிவிங் அலுவலகத்தில்தான். பக்கத்து இருக்கைக்காரர் தட்டை நீட்டும்போது சைவக்காரருக்குக் கேள்விகள் எழும். ஸ்டஃபிங்கில் கோழிச் சாறு உண்டா, மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டா, பை மாவில் பன்றிக் கொழுப்பு உண்டா? மூன்றிலும் பெரும்பாலும் உண்டு என்பதுதான் பதில். அடுத்த ஆண்டுப் பட்டியலில் எலுமிச்சை சாதமும் மசால் வடையும் ஏறும். பாத்திரங்களின்மேல் சைவம், கொட்டைப் பருப்பு உண்டு, பால் இல்லை என்று சீட்டு ஒட்டும் வழக்கம் வரும். எந்தப் பாத்திரம் முதலில் காலியாகிறது என்று சமைத்தவர்கள் ஓரக்கண்ணால் பார்ப்பதில் மட்டும் எந்த நாட்டுக்காரரும் விலக்கல்ல.

மேசையில் உட்கார மறுப்பவர்களும் உண்டு, அதற்கு நியாயமும் உண்டு. 1970இல் பிளிமத் குடியேற்றத்தின் 350ஆம் ஆண்டு விருந்தில் பேச வாம்பனோக் இனத்தவரான வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸை அழைத்தார்கள். தன் மக்கள் நிலத்தையும் உயிரையும் இழந்த கதையை அவர் பேச்சாக எழுதிக் கொடுத்ததும், அதை மாற்றச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டு, பிளிமத்தின் கோல்ஸ் குன்றில் நின்று மக்களிடம் பேசினார். அன்றுமுதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் அங்கே தேசியத் துக்க நாள் அனுசரிக்கப்படுகிறது. 5 மான்கள் கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதையில் மகிழ ஒன்றுமில்லை. பத்திரிகை ஆபீஸிலும் கடையிலும் சமையலறையிலும் பிறந்த விழா என்று சொல்வது இந்த வகையிலும் நேர்மையானது. இல்லாத நட்பை அது பழைய காலத்தின் தலையில் கட்டுவதில்லை.

வியாழக்கிழமை அன்றுகூட எல்லா வேலையிடமும் மூடிவிடுவதில்லை. மருத்துவமனை வார்டு, தீயணைப்பு நிலையம், விமான நிலையம், போலீஸ் ஸ்டேஷன். இந்த வரிசையில் இன்னொன்றும் உண்டு: 1981இல் வான்கோழி விற்கும் பட்டர்பால் கம்பெனி, அதைச் சமைக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு தொலைபேசிச் சேவை தொடங்கியது. 6 ஹோம் சயன்ஸ் நிபுணர்கள் உட்கார்ந்து அந்தப் பருவத்தில் 11,000 அழைப்புகளுக்குப் பதில் சொன்னார்கள். அடிக்கடி வரும் கேள்வி, உறைந்த வான்கோழியை எப்போது வெளியே எடுப்பது என்பதுதான். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால், எடையில் 4 முதல் 5 பவுண்டுக்கு ஒரு நாள் வீதம் பனி இளகும். 20 பவுண்டுப் பறவைக்கு நான்கைந்து நாள் வேண்டும். வியாழக்கிழமை காலையில் கல்லாட்டம் கெட்டியாக இருக்கிறதே என்று அழுபவருக்கு, குளிர்ந்த நீரில் முக்கி அரைமணிக்கு ஒருமுறை நீரை மாற்றச் சொல்லி வழிகாட்டுவார்கள்.

ஊர் முழுக்க வீட்டில் சாப்பிடும் நேரத்தில், அந்தச் சாப்பாடு நடக்கும்படி வேலைபார்ப்பவர்கள் இவர்கள். ஷிஃப்டுக்கு நடுவே வார்டின் ஓய்வறையிலோ நிலையத்தின் சமையலறையிலோ ஆளுக்கொரு பாத்திரம் திறந்து பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு அலுவலக விருந்துதான் விருந்து. அதற்குப் பின்னால் வேறு அசல் ஏதுமில்லை. தலையங்கம் எழுதிய ஹேல், வேடமிட்டு நடந்த குமாஸ்தாக்கள், பீன்ஸை அளந்து பார்த்த ரெய்லி என்று இந்த விழாவை உண்டாக்கியவர்கள் எல்லாருமே வேலைநாளில்தான் அதை உண்டாக்கினார்கள். உறவு முறையால் கூடாதவர்கள், ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுக்காதவர்கள், வேலை என்ற ஒரே காரணத்தால் பக்கத்தில் உட்கார நேர்ந்தவர்கள் கூடிச் சாப்பிடும்போது, அது ஒத்திகை இல்லை. விழா தன் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறது.